டிராக்டர் மேனிஃபோல்டு போல்ட்டை ஆறிய பிறகு முறுக்குங்கள்



காலையில் டிராக்டரைக் கிளப்பியதும் என்ஜின் பக்கத்திலிருந்து 'டிக் டிக்' என்று சத்தம் வருகிறதா? சூடேறியதும் அது குறைகிறதா? அப்படியானால், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு ஹெட்டோடு சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே கரி படிந்திருந்தால் புகை கசிகிறது என்று அர்த்தம். உடனே நாம் என்ன செய்கிறோம்? ஸ்பேனரை எடுத்து, பலங்கொண்ட மட்டும் முறுக்கிவிடுகிறோம். தப்பு அங்கேதான். போல்ட் முறிந்து பாதி ஹெட்டுக்குள் நின்றுவிட்டால், துளை போட்டுத்தான் எடுக்கணும். உழவு நேரத்தில் வண்டி பட்டறையில் நிற்கும்.

கட்டை வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுவதைப் பார்த்திருப்பீர்கள். பழுக்கக் காய்ச்சினால் பட்டை விரியும், ஆறினால் இறுகும். மேனிஃபோல்டும் அப்படித்தான் தினமும் விரிந்து சுருங்குகிறது. சூட்டில் கைக்குத் தெரியும் இறுக்கம் உண்மையான இறுக்கம் அல்ல. அதனால் என்ஜின் நன்றாக ஆறிய பிறகே ஸ்பேனர் வைக்கணும்.

கழற்றும்போது அவசரம் வேண்டாம். முதல்நாளே துரு நீக்கும் எண்ணெயை மரையில் விட்டு ஊற வையுங்கள். போல்ட் சிக்கினால் சற்று தளர்த்தி, திரும்பச் சற்று முறுக்கி, முன்னும் பின்னுமாக அசைத்து எடுங்கள்.

பழைய போல்ட்டைத் திரும்பப் போடலாமா? போடலாம், சோதித்த பிறகு. கம்பி பிரஷ்ஷால் மரையைச் சுத்தம் செய்து, நல்ல நட்டு ஒன்றை விரலாலேயே ஓட்டிப் பாருங்கள். கடைசிவரை ஓடினால் நல்லது. அடுத்து, அதே அளவு புதுப் போல்ட்டின் மரையோடு ஒட்டி வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். மரை சரியாகப் பொருந்தாமல் இடைவெளி தெரிந்தால் போல்ட் நீண்டுவிட்டது. இடுப்பு மெலிந்தது, துரு அரித்தது, தலை தேய்ந்தது ஆகியவற்றையும் தள்ளுங்கள். மாற்றும்போது தலையில் 8.8 போன்ற எண் பழையதில் இருந்தபடியே இருக்கணும். தானாகப் பூட்டும் நட்டுக்கும் கேஸ்கெட்டுக்கும் மறு உபயோகம் கிடையாது, புதுசே போடுங்கள்.

பொருந்தும் இரு முகங்களையும் கரி போகச் சுரண்டித் துடையுங்கள். எல்லா போல்ட்டையும் முதலில் விரலால் ஓட்டுங்கள். பிறகு நடுவிலிருந்து தொடங்கி, இரு பக்கமும் மாற்றி மாற்றி ஓரத்துக்குப் போங்கள். ஒரே மூச்சில் முழு இறுக்கம் கொடுக்காமல், மூன்று சுற்றாகக் கூட்டுங்கள். இறுக்கத்தின் அளவு உங்கள் வண்டியின் கைப்புத்தகத்தில் இருக்கும், அதுவே கணக்கு. 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்குப் பொதுவாக 2 முதல் 2.5 கிலோகிராம் மீட்டர் வரும். அதாவது 25 சென்டிமீட்டர் ஸ்பேனரின் நுனியை 8 முதல் 10 கிலோ விசையில் இழுப்பது. டார்க் ரெஞ்ச் கிடைத்தால் மிக நல்லது. ஸ்பேனரில் பைப் சொருகி முறுக்குவது கூடவே கூடாது. மரையில் எண்ணெய் தடவினால் அதே விசைக்கு இறுக்கம் கூடிவிடும். புத்தகம் சொன்னால் மட்டும் தடவுங்கள்.

சிறிது நேரம் ஓட்டி, முழுக்க ஆற விட்டு, புத்தகத்தில் சொல்லியிருந்தால் அதே அளவில் ஒருமுறை சரிபாருங்கள்.

கசிவைச் சும்மா விடவும் வேண்டாம். வைக்கோல் பக்கம் சுடுபுகை ஆபத்து. மூடிய கொட்டகையில் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, உயிரையே வாங்கிவிடும். பொறுமையோடு முறுக்கினால் போல்ட்டும் பிழைக்கும், பருவமும் தப்பாது.