ஒரே நாளிற் பதிந்த இசைத்தட்டு

வந்தாறுமூலையிலும் மட்டக்களப்பு வாவியை அண்டிய பிற ஊர்களிலும் கூத்துப் பார்த்தவர்கள் ஒன்றை அறிவர். மத்தளம் முழங்கி வரவு தொடங்கிவிட்டால், பிழைத்த அடியைத் திரும்ப ஆடித் திருத்த இயலாது. இசைத்தட்டோ இதற்கு மாறானது, ஒலிப்பதிவுக் கூடத்தில் நாட்கணக்கில் திருத்தித் திருத்தி அமைக்கப்படுவது என்பதே பொதுவான எண்ணம். ஆயினும், ‘ஹார்ட் றொக்’ எனப்படும் வல்லோசை இசையின் தொடக்ககாலத் தட்டுகளுள் ஒன்று கூத்தைப் போலவே ஒரே மூச்சில் நிகழ்ந்தது.

‘பிளாக் சபாத்’ என்னும் குழுவினர் நால்வர், 1969 ஒக்டோபர் 16ஆம் நாள் இலண்டன் ஒலிப்பதிவுக் கூடமொன்றில் ஏறத்தாழ 12 மணி நேரத்தில் தம் முதற்றட்டைப் பதிந்தனர். இடையிலே ரோனி அயோமியின் கிற்றார் பழுதுற்றது. சீர்செய்ய நேரமில்லை, உடன் வைத்திருந்த வேறொன்றை எடுத்துத் தொடர்ந்தார். அவர் பெயரோடு பின்னாளில் ஒட்டிக்கொண்டது அந்த இரண்டாங் கருவியின் வகையே.

நால்வரும் ஆலைகள் நிறைந்த பேர்மிங்காம் நகரத்தவர். அயோமி தமது பதினேழாம் வயதில் தகட்டு ஆலையொன்றில் வேலைசெய்தார். வேலையை விட்டு விலகவிருந்த இறுதி நாளில், இயந்திரம் அவரது வலக்கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகளைத் துண்டித்தது. இடக்கை வழக்கமுடையவராதலின், தந்தியை அழுத்தும் கையும் அதுவே. இனி வாசித்தல் இயலாது என்றனர் மருத்துவர். மனமுடைந்திருந்தவரிடம் ஆலை மேற்பார்வையாளர் ஓர் இசைத்தட்டைக் கொடுத்தார். 1928இல் தீயினால் இரு விரல்கள் செயலிழந்தும் புகழ்பெற்ற ஜாங்கோ றைன்ஹார்ட்டின் தட்டு அது. அயோமி பிளாஸ்டிக் போத்தலை உருக்கி விரலுறை செய்தார். அதன்மேல் தோலை ஒட்டினார். தடித்த தந்திகள் நோவு தந்தமையால் பான்ஜோ என்னும் கருவியின் மெல்லிய தந்திகளைப் பூட்டினார். எளிதில் அழுத்தக்கூடிய சில சுரங்களையே மின்பெருக்கியினாற் பருமனாக்கி ஒலிக்கச் செய்தார்.

தட்டின் முதற் பாட்டில் மழையோசையும் கோயில் மணியும் கேட்கின்றன. பின்னர் மூன்றே சுரங்கள்: சட்ஜம், மேல் சட்ஜம், பிரதி மத்திமம். சட்ஜத்துக்கும் பிரதி மத்திமத்துக்கும் உள்ள இடைவெளியை ஐரோப்பியர் ‘இசையிலே சாத்தான்’ என்றனர். திருச்சபை அதனைத் தடைசெய்தது என்பது கட்டுக்கதையே. ‘யாழ் நூல்’ தந்த விபுலாநந்தர் பிறந்த இந்நிலப்பகுதியினருக்கு அது அந்நியமன்று. 72 மேளகர்த்தா இராகங்களுள் 36 பிரதி மத்திமம் உடையவை. கல்யாணியைக் கேட்டு அஞ்சுபவர் எவர்? ஆகவே அச்சம் சுரத்தில் இல்லை. மெல்ல வந்து, அவ்விடத்திலேயே நடுங்கி நின்று, இளைப்பாற வேறு சுரம் எதையும் தேடாமையில் இருக்கிறது.

1970 பெப்ரவரி 13 வெள்ளிக்கிழமை தட்டு வெளிவந்தது. விமரிசகர் பலர் எள்ளினர். மக்களோ வாங்கினர், பிரித்தானிய விற்பனை வரிசையில் அது எட்டாம் இடத்தை அடைந்தது.

2025 ஜூலை 5இல் நால்வரும் பேர்மிங்காமில் இறுதியாக ஒரே மேடையில் இசைத்தனர். பாடகர் ஒஸ்போர்ன் அம்மாதம் 22இல் மறைந்தார். அந்த இறுதி இசைவிழாவிலும் அயோமியின் இரு விரல்களில் உறைகள் இருந்தன.