நம்ம கோழி, நம்ம முட்டை: விற்க லைசென்ஸ் வேணுமா?



சமீபத்தில் பென்னாகரம் ஒன்றியத்தில் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சேமிப்பும் கடன் தவணையும் எழுதி முடித்த பிறகு ஒரு அக்கா தயங்கியபடி எழுந்தார். "மேடம், லைசென்ஸ் இல்லாம முட்டை வித்தா ஃபைன் போடுவாங்களாமே, நெசமா?" என்று கேட்டார்.

அவர் வீட்டில் 18 நாட்டுக்கோழிகள் இருக்கின்றன. வாரத்துக்கு 30 முட்டை கிடைக்கும். ஊருக்குள்ளேயே ஒரு முட்டை 12 ரூபாய்க்கு விற்று வந்தார். ஊருக்கு வந்து போகிற ஒரு வியாபாரி, "புதுசா சட்டம் வந்திருக்கு, மாட்டிக்குவீங்க" என்று சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து எல்லா முட்டையையும் அந்த வியாபாரிக்கே 7 ரூபாய்க்குக் கொடுத்து வந்திருக்கிறார். வாரம் 150 ரூபாய் நஷ்டம். எட்டு வாரத்தில் 1,200 ரூபாய். அந்த அக்காவின் மாதச் சேமிப்பு 200 ரூபாய்தான். ஆறு மாதச் சேமிப்பு போய்விட்டது! யாரும் அபராதம் போடவில்லை. சட்டம் தெரியாததால் அவரே கட்டிய அபராதம் இது.

ஆகவே இந்த விஷயத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

சட்டம் என்ன சொல்கிறது?

உணவுப் பொருள் விற்பனைக்கு நாடு முழுவதும் உள்ள சட்டம், உணவு பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம், 2006. இதன் லைசென்ஸ், பதிவு விதிகள் 2011-ல் வந்தன. பெரிய உணவு வியாபாரத்துக்கு லைசென்ஸ். சிறு வியாபாரிக்கு லைசென்ஸ் வேண்டாம், பதிவு செய்தால் போதும்.

ஆனால் விவசாயிக்கு இந்தச் சட்டம் விலக்கு கொடுக்கிறது. பிரிவு 18(3)-ன்படி விவசாயிக்கும், விவசாய வேலைக்கும், கால்நடைக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது. 'முதன்மை உணவு' என்றால் என்ன என்று சொல்லும் இடத்திலும், விளைபொருள் விவசாயி அல்லாத ஒருவர் கையில் இருக்கும்போதுதான் அது முதன்மை உணவு என்று எழுதியிருக்கிறது.

இதுதான் முக்கியம் சகோதரிகளே. முட்டை ஒன்றுதான். அது யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்துச் சட்டம் மாறுகிறது.

நீங்கள் எந்த வகை?

1. சொந்தக் கோழியின் முட்டையை வீட்டிலும் ஊருக்குள்ளும் விற்பவர்: லைசென்ஸ் வேண்டாம், பதிவும் வேண்டாம். பயப்படாமல் விற்கலாம்.

2. சொந்த முட்டையோடு அக்கம்பக்கத்து வீட்டு முட்டையையும் வாங்கி விற்பவர்: வாங்கிய முட்டைக்கு நீங்கள் விவசாயி இல்லை, சிறு வியாபாரி. பதிவு வேண்டும். டவுனில் தினமும் கடை போட்டு உட்கார்ந்தாலும் பதிவு செய்துகொள்வது நல்லது. விலக்கு 'பண்ணை அளவில்' என்று சட்டத்தில் இருப்பதால், அதிகாரி கேள்வி கேட்க இடம் உண்டு.

3. உறுப்பினர்களிடம் முட்டை சேகரித்து விற்கும் குழு அல்லது கூட்டமைப்பு: கண்டிப்பாகப் பதிவு வேண்டும். "எல்லாம் நம்ம உறுப்பினர் முட்டைதானே" என்று சொன்னால் செல்லாது.

பதிவு செய்வது எப்படி?

2011 விதிகள் ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் பதிவு போதும் என்றும், பதிவுக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய் என்றும் வைத்தன. வாரம் 1,000 முட்டை 10 ரூபாய்க்கு விற்கும் கூட்டமைப்புக்குக்கூட ஆண்டு விற்பனை 5 லட்சத்து 20 ஆயிரம்தான். விதிகள் அவ்வப்போது திருத்தப்படுகின்றன. அதனால் விண்ணப்பிக்கும் அன்று அளவையும் கட்டணத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

விண்ணப்பம் இணையதளம் வழியாகத்தான். போட்டோ, அடையாள அட்டை, முகவரிச் சான்று எடுத்துக்கொண்டு இ-சேவை மையத்துக்குப் போங்கள். சந்தேகம் இருந்தால் தருமபுரியில் உள்ள உணவு பாதுகாப்பு அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். புரோக்கர் வேண்டாம். கட்டிய பணத்துக்கு ரசீது வாங்குங்கள்.

2011 விதிகளில் இன்னொன்றும் இருக்கிறது. மனு கொடுத்த 7 நாளுக்குள் பதிவு தர வேண்டும், அல்லது காரணத்தோடு மறுக்க வேண்டும், அல்லது பார்வையிட வருவதாகச் சொல்ல வேண்டும். ஒரு பதிலும் வராவிட்டால் வியாபாரத்தைத் தொடங்கலாம். மனு போட்ட நாளின் ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.

சந்தையில் கேட்கும் பணம்

வாரச்சந்தையில் குத்தகைதாரர் வாங்கும் சுங்கம் வேறு, உணவுப் பதிவு வேறு. சந்தை இடத்துக்குக் கட்டணம் வாங்க ஏலம் எடுத்தவருக்கு உரிமை உண்டு. ஆனால் ஊராட்சியோ பேரூராட்சியோ வைத்த கட்டணத்துக்கு மேல் கேட்கக் கூடாது. ரசீது கேளுங்கள். ஜி.எஸ்.டி. பயமும் வேண்டாம். ஓட்டோடு விற்கும் முட்டைக்கு அந்த வரி இல்லை.

பெட்டியில் போட்டு விற்றால்

கூடையில் வைத்து எண்ணிக்கொடுத்தால் லேபிள் தேவையில்லை. குழுவின் பெயர் போட்டுப் பெட்டியில் அடைத்து விற்றால், எத்தனை முட்டை, பேக் செய்த நாள், அதிகபட்ச விலை, குழுவின் பெயர், முகவரி, 14 இலக்கப் பதிவு எண் எல்லாம் இருக்க வேண்டும். அசைவத்துக்கான பழுப்பு நிறக் குறியும் வேண்டும். முன்பு அது வட்டமாக இருந்தது. 2020 விதிகளில் முக்கோணமாக மாற்றப்பட்டது.

பண்ணை முட்டையை டீத்தூள் தண்ணீரில் நனைத்து, நாட்டுக்கோழி முட்டை என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். நாம் அந்தப் பக்கமே போகக் கூடாது. பொய்ப் பெயர் சொல்லி விற்றால் பிரிவு 52-ன்படி 3 லட்சம் ரூபாய் வரை அபராதம். 'சர்க்கரை நோய் தீரும்' என்றெல்லாம் எழுதுவதும் தவறு.

விலக்கு இருந்தாலும் நம் கடமை

கோழிக்கு நோய் வந்தால் மறைக்கக் கூடாது. வெள்ளைக்கழிச்சலும் பறவைக் காய்ச்சலும் 2009-ஆம் ஆண்டு கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டத்தின் பட்டியலில் உள்ளன. சந்தேகம் வந்தாலே கிராம அலுவலரிடமோ ஊராட்சியிலோ தெரிவிக்க வேண்டும். இரண்டு கோழி வைத்திருப்பவருக்கும் இது பொருந்தும். கால்நடை மருந்தகத்துக்கும் உடனே போங்கள். வெள்ளைக்கழிச்சலுக்குப் பிப்ரவரி மாதத்தில் நடக்கும் இலவசத் தடுப்பூசி முகாமைத் தவற விடாதீர்கள். கோழிக்கு மருந்து கொடுத்தால், எத்தனை நாள் முட்டையை விற்கக் கூடாது என்று டாக்டரிடம் கேளுங்கள். நம்மிடம் முட்டை வாங்குவதும் ஒரு பிள்ளைத்தாய்ச்சியோ, ஒரு குழந்தையின் அம்மாவோதான்.

அடுத்த கூட்டத்தில்

தமிழ்நாட்டில் மகளிர் குழுத் திட்டம் 1989-ல் நம் தருமபுரி மாவட்டத்தில்தான் ஆரம்பமானது. அப்போது கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டோம். இப்போது சட்டத்தையும் கற்றுக்கொள்வோம். அடுத்த கூட்டத்தில் இந்தப் பக்கத்தைச் சத்தமாகப் படியுங்கள். யார் யார் எந்த வகை என்று பேசுங்கள். பதிவு வேண்டிய குழுக்கள் தீர்மான நோட்டில் எழுதி, மனு போடும் பொறுப்பை ஒருவரிடம் கொடுங்கள்.

பென்னாகரம் அக்கா மறுவாரமே முட்டையை 12 ரூபாய்க்கு விற்க ஆரம்பித்துவிட்டார். வியாபாரி வந்து கேட்டாராம். "எங்க கோழி முட்டைக்கு லைசென்ஸ் வேணாங்க. வாங்கி விக்கறவங்களுக்குத்தான் பதிவு வேணுமாம். நீங்க எடுத்துட்டீங்களா?" என்று இவர் திருப்பிக் கேட்டாராம்.