பெருநகரில் சில வாரக் குடித்தனம்

ஊர் விட்டு ஊர் செல்கிறவர்களுக்குத் தங்குமிடம் அளிப்பது நம் நாட்டின் பழைய அறங்களில் ஒன்று. தெற்கே சத்திரமும் சாவடியும், வடக்கே சராயும் தர்மசாலையும் அந்த அறத்தின் வடிவங்களே. 1867-ஆம் ஆண்டிலேயே சராய்களை ஒழுங்குபடுத்த ஒரு சட்டம் இயற்ற வேண்டியிருந்தது என்றால், அவை எவ்வளவு மலிந்திருந்தன என்பதை நேயர்கள் ஊகித்துக் கொள்ளலாம். ஆனால் இவையெல்லாம் ஓரிரவோ மூன்றிரவோ தங்கிச் செல்லும் வழிப்போக்கனுக்காக ஏற்பட்டவை. ஒரு மாதம், ஆறு வாரம் என்று தங்க நேர்கிறவனுடைய தேவை வேறு. அவன் வழிப்போக்கனும் அல்லன்; அவ்வூர்க் குடிவாசியும் அல்லன். இவ்விருவருக்கும் இடைப்பட்டவனுக்காக ஏற்பட்டதே இக்காலத்தில் சர்வீஸ் அபார்ட்மெண்ட் என்று வழங்கும் வீடு.

வீடு என்றே சொல்லவேண்டும். படுக்கையறை, கூடம், சமையற்கட்டு, பாத்திரங்கள், அடுப்பு, குளிர்பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம் யாவும் இருக்கும். கூட்டிப் பெருக்குவதும் விரிப்புகளை மாற்றுவதும் உடைமைக்காரரின் பொறுப்பு. சமைப்பதும் சாப்பிடுவதும் நம் பொறுப்பு. மத்திய சுற்றுலா அமைச்சகம் இத்தகைய விடுதிகளுக்குத் தரம் வகுத்து அங்கீகாரம் அளிக்க நெறிமுறைகள் வகுத்திருக்கிறது. எனினும் நடைமுறையில் நாம் காணும் பெரும்பாலானவை, யாரோ ஒருவருடைய வீட்டின் ஒரு மாடியே ஆகும்.

இவற்றை நாடுகிறவர்கள் பலவகையினர். மாற்றலாகி வந்த உத்தியோகஸ்தர் உண்டு. ஆவணக் காப்பகத்தில் ஆராய்ச்சிக்கு வந்த மாணவர் உண்டு. ஆனால் வேறு வழியின்றி நாடுகிறவர்கள் நோயாளியோடு வந்த குடும்பத்தினரே. ஆதலால் அவர்களை மனத்தில் வைத்தே பேசுகிறேன். ஊரும் தில்லியாகவே இருக்கட்டும்.

தில்லியில் 1956-இல் ஏற்பட்ட அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகமும், சாலைக்கு அப்பால் அதற்கு எதிரேயுள்ள சப்தர்ஜங் மருத்துவமனையும் நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் மக்களை ஈர்க்கின்றன. அவ்விடத்திலிருந்து தெற்கே அரவிந்தர் மார்க்கத்தின் வழியே சிறிது தூரம் சென்றால் கிரீன் பார்க் என்னும் குடியிருப்பு. அதன் மேற்கே சப்தர்ஜங் என்கிளேவ். பெருஞ்சாலையின் இரைச்சலிலிருந்து இரண்டு தெரு உள்ளே திரும்பியதும் வேறோர் ஊருக்கு வந்துவிட்டாற்போல் தோன்றும். வேப்பமரங்களும், சிறு பூங்காக்களும், மரத்தடியில் மேசை போட்டுத் துணி தேய்க்கிறவரும், காலையில் தள்ளுவண்டியோடு கூவி வரும் காய்கறிக்காரரும் அங்கே உண்டு. பாட்டி–பேத்தி என்ற பெயரால் வழங்கும் இரு பழைய கல்லறை மாடங்கள் வீடுகளுக்கு நடுவிலேயே நிற்கின்றன. சற்று அப்பால் அலாவுதீன் கில்ஜி வெட்டுவித்த ஹவுஸ் காஸ் ஏரியும், அதையொட்டி மான் பூங்காவும் இருக்கின்றன. மருத்துவமனை வராந்தாவில் நாள் முழுவதும் காத்திருந்தவர் மாலையில் அரைமணி நேரம் அங்கே உலாவி வந்தால், அது மருந்துக்கு நிகராகும்.

அமைதி என்பதை விளம்பரத்தில் நம்பலாகாது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபெல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபெல் என்று வரம்பு கட்டியிருக்கின்றன. ஆனால் கல்யாண ஊர்வலத்துப் பாண்டு வாத்தியத்துக்கு டெசிபெல் கணக்குத் தெரியாது! வீட்டை ஒருமுறை பகலிலும் ஒருமுறை இரவு 9 மணிக்கு மேலும் சென்று பார்ப்பதே நலம். பக்கத்து மனையில் கட்டட வேலை நடக்கிறதா என்று கவனிக்க வேண்டும். இரவில் காலனியின் வாயிற்கதவுகளில் எவற்றைப் பூட்டுவார்கள், எதைத் திறந்து வைப்பார்கள் என்று சௌகிதாரிடம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். நள்ளிரவில் நோயாளிக்கு மூச்சு முட்டும்போது ஆம்புலன்ஸ் பூட்டிய கதவின் முன் வந்து நின்றால், பகலெல்லாம் நாம் பாராட்டிய அமைதியால் என்ன பயன்?

இப்பகுதியில் ஒரு மனையில் நான்கு மாடி எழுப்பி, தரைமட்டத்தை வண்டிகளுக்கு விட்டுவிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. ஆகவே லிப்டைப் பற்றித் தீர விசாரிக்க வேண்டும். மின்சாரம் நின்றால் அது ஓடுமா? சக்கர நாற்காலி அதனுள் நுழையுமா? பல வீடுகளில் மூன்று பேர் நெருங்கி நிற்கவே இடமிருக்கும். அறுவைச் சிகிச்சைக்குப் பின் திரும்பி வருகிறவர் எப்படி மாடி ஏறுவார் என்பதை, அவர் நன்றாக நடமாடும்போதே எண்ணிப் பார்த்துவிட வேண்டும்.

இனிச் சமையற்கட்டு. ஓட்டலைவிட இந்த வீடு எனக்கு மேலாகத் தோன்றுவது இதனாலேயே. புற்றுநோய்க்கு மருந்து செலுத்தப்படும் நாட்களில் இரத்தத்தில் வெள்ளணுக்கள் குறையும். சிறு கிருமியும் பெருங்கேடு செய்யும். அப்போது வேண்டியது கொதிக்க வைத்த நீரும், உடனே சமைத்த உணவும். அத்துடன், வாய் கசந்து கிடக்கிற ஒருவருக்குத் தம் வீட்டு ரசத்தின் மணம் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. புழுங்கலரிசிக்கும் கறிவேப்பிலைக்கும் முருங்கைக்காய்க்கும் அலைய வேண்டாம், ஐ.என்.ஏ. சந்தையில் தென்னாட்டுப் பண்டங்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. ஐ.என்.ஏ., எய்ம்ஸ், கிரீன் பார்க், ஹவுஸ் காஸ் ஆகிய நான்கும் மெட்ரோ ரயிலின் மஞ்சள் தடத்தில் அடுத்தடுத்த நிலையங்கள். மாவரைக்கும் இயந்திரம் மட்டும் அநேகமாக எந்த வீட்டிலும் இராது.

குளிர்காலத்தில் செல்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. தை மாதத்துத் தில்லிக் குளிர் நம்மவர் அறியாதது. அறையைச் சூடாக்க வேண்டிக் கரி அடுப்பை உள்ளே வைத்துக் கதவையும் சன்னலையும் அடைத்துக்கொண்டு உறங்கிய குடும்பங்கள் காலையில் எழாமற்போன செய்தி ஏறக்குறைய ஆண்டுதோறும் வருகிறது. கரி எரிகையில் எழும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை; உறங்குகிறவனை எழுப்பாமலே கொன்றுவிடும். ஆதலால் மின்சார ஹீட்டர் கொடுப்பார்களா, அதற்கு ஆகும் மின்கட்டணம் வாடகையில் அடங்கியதா, தனியா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஐப்பசி முதல் தை வரை அந்நகரின் காற்றும் நன்றாயிராது. நுரையீரல் நோயாளியை அழைத்துச் செல்கிறவர்கள் காற்றைத் தூய்மை செய்யும் கருவி இருக்கும் வீட்டையே தேடுவது நல்லது.

சட்டத்தின் பக்கமும் சிறிது பார்க்க வேண்டும். வாடகைக் குடியிருப்பு என்பது வேறு. அனுமதியின் பேரில் தங்குவது வேறு. முன்னதில் வீட்டின் சுவாதீனம் நம்மிடம் வந்துவிடுகிறது. பின்னதில் அது உடைமைக்காரரிடமே இருக்கிறது. இவ்வேற்றுமை 1882-ஆம் ஆண்டுச் சட்டங்களிலேயே காணப்படுகிறது. தில்லி இம்பீரியல் ஓட்டலின் அறைகளில் ஒருவர் நடத்திவந்த முடிதிருத்தகம் பற்றிய வழக்கில், 1959-இல் உச்ச நீதிமன்றம், பத்திரத்துக்கு என்ன பெயரிட்டிருக்கிறது என்பதைவிட உண்மையில் என்ன உரிமை கொடுக்கப்பட்டது என்பதே முக்கியம் என்று கண்டு, அது குத்தகையே எனத் தீர்த்தது. நாம் பேசும் வீடுகளில் தங்குவது அநேகமாக அனுமதியின்பாற்பட்டதே. துப்புரவு செய்கிறவர் தம்மிடமுள்ள சாவியால் திறந்துகொண்டு வருவதும் இதனால்தான். இது பிடிக்காவிட்டால், எந்த நேரத்தில் வரலாம் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளலாம். சிகிச்சை நீண்டால் அதே கட்டணத்தில் இன்னும் எத்தனை நாள் இருக்கலாம் என்பதையும் எழுதி வாங்குவது அவசியம். மருத்துவர் பத்து நாள் என்பது பல சமயம் இருபது நாளாகும்.

அறைக்கு நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள விடுதிக் கட்டணத்தின் மீது 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீத வரியும், அதற்கு மேற்பட்டதன் மீது 18 சதவீத வரியும் விதிக்கப்படுகின்றன. பேசிய தொகையில் வரி சேர்ந்ததா என்று கேளுங்கள். ஆதார் நகல் கேட்டால், கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் நகலே போதுமா என்று விசாரித்துப் பாருங்கள்.

ஒரு குறையைச் சொல்லாமல் விடலாகாது. ஓட்டலில் எந்நேரமும் கீழே ஒருவர் விழித்திருப்பார். இவ்வீடுகளில் இரவில் கதவைச் சாத்திக்கொண்டால் நாமும் நோயாளியும்தான். மொழி தெரியாத ஊரில் மூன்றாம் வாரத்துக்குள் உடனிருப்பவரே நோயாளி போல் ஆகிவிடுகிறார். ஆகையால் இருவர் முறைவைத்துத் துணையிருப்பது நல்லது. கீழ்வீட்டாருக்கு முதல் நாளே வணக்கம் சொல்லிப் பழகுங்கள். ராமகிருஷ்ணபுரத்துத் தில்லித் தமிழ்ச் சங்கமும், மலை மந்திர் என்று வழங்கும் முருகன் கோயிலும் அங்கிருந்து அதிகத் தொலைவில்லை. வாரத்தில் ஒரு மாலை தமிழில் பேசிவிட்டு வரலாம். மூன்று நாள் வேலையாகச் செல்கிறவர்கள் ஓட்டலிலேயே தங்குவது மேல்.

குடியேறும் அன்றே சுவரின் கறை, விரிசல் கண்ட கண்ணாடி, குறைந்த பாத்திரம் ஆகியவற்றைப் பட்டியலெழுதி, புகைப்படமும் எடுத்து, உடைமைக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். மின்மானியின் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். காலி செய்யும் நாளில் முன்பணத்திலிருந்து எதைக் கழிக்கலாம், எதைக் கழிக்கக்கூடாது என்ற பேச்சு எழுமானால், அந்தக் காகிதத்தை எடுத்துக் காட்டினால் போதும்.