டிராக்டர் ரேடியேட்டரை வீட்டிலேயே கழுவுவது எப்படி?

கோடை உழவு, கரும்பு லோடு, சேற்று உழவு என்று டிராக்டருக்கு ஓய்வில்லாத நாட்களில்தான் ரேடியேட்டர் கொதிக்கும். வயல் நடுவே நீராவி சீறி வண்டி நின்றுவிட்டால், பக்கத்துக் கிணற்று மோட்டாரில் ஒரு குடம் தண்ணீர் பிடித்து ஊற்றி உழவைத் தொடர்வது பலருடைய வழக்கம். அன்றைய வேலை முடிந்துவிடும். ஆனால் அப்படி ஊற்றிய தண்ணீரே அடுத்த கொதிப்புக்குக் காரணமாகிறது. சிலிண்டர் ஹெட்டில் வெடிப்பு விழுந்து வண்டி ஒர்க்‌ஷாப்பில் நின்றுவிட்டால் பழுது பார்க்கும் செலவு ஒருபுறம். ஈரம் காய்வதற்குள் உழ முடியாமல் பருவம் தவறும் நஷ்டம் மறுபுறம். வேலை இல்லாத ஒரு நாளில், அரை நாள் செலவிட்டால் இதைத் தவிர்க்கலாம்.

பருப்பு வேகாத தண்ணீர்

டீசல் எரிவதால் உண்டாகும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வேலையாக மாறுகிறது. இன்னொரு பங்கு புகையோடு போய்விடுகிறது. மீதியில் பெரும்பகுதியைச் சிலிண்டரைச் சுற்றி ஓடும் தண்ணீர் வாங்கிக்கொண்டு, ரேடியேட்டரில் காற்றுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறது. இந்த ஓட்டத்துக்குத் தடை வந்தால் எஞ்சின் சூடாவதைத் தவிர வேறு வழியில்லை.

போர்த் தண்ணீரில் சுண்ணாம்பு, மக்னீசிய உப்புகள் கரைந்துள்ளன. தண்ணீர் சூடானதும் இவை பிரிந்து, வெந்நீர் அண்டாவின் உட்புறத்தில் ஒட்டுவது போல எஞ்சினுக்குள் வெள்ளைக் காரையாகப் படிகின்றன. இரும்பைப் போல் இந்தக் காரை வெப்பத்தைக் கடத்தாது. சிலிண்டருக்குக் கம்பளி போர்த்திய கதைதான்.

குடிநீருக்கான இந்தியத் தர அளவு, லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மை வரை ஏற்கிறது. வேறு தண்ணீர் இல்லாத ஊர்களில் 600 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது. இந்த 600 மில்லிகிராம் தண்ணீரை நாள்தோறும் ஒரு லிட்டர் வீதம் 200 நாட்கள் ஊற்றுவதாக வைத்துக்கொள்வோம். ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு போகாது. வேதாரண்யம் உப்பளத்தில் நடப்பதும் இதுதான். 200 நாள் கழித்து 120 கிராம் உப்பு எஞ்சினுக்குள் தங்கியிருக்கும். ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைக்க இது தாராளம்.

தண்ணீரைச் சோதிக்க ஆய்வகம் தேடிப் போக வேண்டியதில்லை. சோப்பு நுரைக்காத, பருப்பு வேகாத, குடத்தில் வெள்ளைக் கோடு விழும் தண்ணீர் ரேடியேட்டருக்கு ஆகாது. முதல் மழையில் கூரைத் தூசி போன பிறகு பிடித்து, துணியில் வடிகட்டிய மழைநீர் கழுவுவதற்கு மிக ஏற்றது. ஆற்று நீர்த் திட்டக் குழாயில் வரும் தண்ணீரும் பொதுவாகப் போர்த் தண்ணீரைவிட மென்மையாக இருக்கும். சிறுவாணித் தண்ணீருக்கும் போர்த் தண்ணீருக்கும் உள்ள வேறுபாட்டைக் கோவைப் பக்கத்துப் பெண்களைக் கேட்டால் சொல்வார்கள். கடைசியாக நிரப்புவதற்குப் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரே சிறந்தது.

சூட்டில் மூடியைத் திறக்கலாகாது

ரேடியேட்டர் மூடி வெறும் மூடி அல்ல. உள்ளே அழுத்தத்தைக் காக்கும் வால்வு அதில் இருக்கிறது. 7 பவுண்டு அழுத்த மூடி போட்ட ரேடியேட்டரில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது. ஏறத்தாழ 111 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் அழுத்தம் விட்டுப்போய், கொதிநீரும் ஆவியும் ஒரே நொடியில் பொங்கி முகத்தில் அடிக்கும். மூடியைக் கையால் தொட்டால் சூடு தெரியாத அளவு ஆறிய பிறகே திறக்க வேண்டும். மூடியின் ரப்பர் கிழிந்திருந்தால் புதிய மூடி வாங்கிவிடுவது நலம். தினமும் தண்ணீர் குறைவதற்குப் பல வண்டிகளில் இந்தச் சிறிய ரப்பரே காரணம்.

டிராக்டரைச் சமதரையில் நிறுத்தி, ரேடியேட்டரின் அடியில் உள்ள வடிகாக்கைத் திறந்து தண்ணீரை ஓர் அகன்ற பேசினில் பிடிக்க வேண்டும். பலரும் இத்தோடு விட்டுவிடுகிறார்கள். எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டில் இன்னொரு பிளக் உண்டு. சேறும் துருவும் தங்குவது அங்கேதான். அதைக் கழற்றியும் தண்ணீர் வரவில்லை என்றால் துளை அடைத்திருக்கிறது என்று பொருள்; மெல்லிய கம்பியால் குத்திவிட்டால் செந்நிறச் சேறு வெளிவரும்.

கழுவும் முறை

முதலில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட வேண்டும். தண்ணீர் போதிய சூடு அடையும் வரை அது வழியை மூடியே வைத்திருக்கும். அது உள்ளே இருந்தால் கழுவும் தண்ணீர் ரேடியேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையே சுற்றாது. பிறகு நல்ல தண்ணீரை நிரப்பி, எஞ்சினைச் சூடாகும் வரை ஓட்டி, சற்று ஆறவிட்டு வடிக்க வேண்டும். வடியும் தண்ணீர் தெளியும் வரை திரும்பத் திரும்பச் செய்தல் வேண்டும். கலங்கல் நிற்கவே இல்லையென்றால் மேல், கீழ் ரப்பர் குழாய்களைக் கழற்றி, ரேடியேட்டரின் கீழ்வாயில் ஹோஸை வைத்துத் தண்ணீரை எதிர்த்திசையில் மேலே வரும்படி விடலாம். ஆனால் கிணற்று மோட்டாரின் குழாயை நேராகச் சொருகிவிடக் கூடாது. அந்த வேகத்தில் ரேடியேட்டர் பற்றவைப்பு விட்டுப்போகும். மேல்தொட்டியிலிருந்து வரும் தண்ணீரின் வேகமே போதும்.

சலவை சோடாவைக் கரைத்து ஊற்றி ஓட்டும் வழக்கம் பழைய மெக்கானிக்குகளிடம் உண்டு. வார்ப்பிரும்பு எஞ்சினும் பித்தளை ரேடியேட்டரும் உள்ள பழைய டிராக்டர்களுக்கு இது சரி. எண்ணெய்ப் பசையையும் சேற்றையும் சோடா இளக்கும். அளவைக் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். இக்காலத்து வண்டிகள் பலவற்றில் ரேடியேட்டர் அலுமினியத்தால் ஆனது. அலுமினியத்தைச் சோடா அரித்துவிடும். அவற்றுக்கு வெறும் தண்ணீர், அல்லது கம்பெனி சொல்லும் கழுவு மருந்து மட்டுமே உகந்தது. கெட்டியான காரையைக் கரைக்க அமிலம் வேண்டும். அதை வீட்டில் செய்ய முற்படுவது ஆபத்து.

வெளிப்புறத்தையும் மறந்துவிடலாகாது. கதிரடிக்கும் நாட்களில் பதரும் வைக்கோல் தூசியும் ரேடியேட்டரின் தகடுகளுக்கிடையே அடைத்துக்கொள்ளும். காற்றாடி முன்புறமிருந்து காற்றை இழுப்பதால், எஞ்சின் பக்கமிருந்து முன்னோக்கித் தண்ணீர் அடித்தால்தான் அடைப்பு வெளியேறும்.

தெர்மோஸ்டாட்டை வீசி எறியாதீர்கள்

'நம்ம ஊர் வெயிலுக்கு இது தேவையில்லை' என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிடும் மெக்கானிக்குகள் இன்றும் இருக்கிறார்கள். இது தவறான யோசனை. தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின், காலையில் உரிய சூட்டுக்கு வர வெகுநேரம் பிடிக்கும். அதுவரை டீசல் முழுதாக எரியாது. எரியாத டீசல் எஞ்சின் ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்யும். சிலிண்டர் தேய்மானம் கூடும். டீசல் விற்கும் விலையில் இந்த நஷ்டம் சிறிதல்ல.

அது வேலை செய்கிறதா என்று பார்ப்பது எளிது. நூலில் கட்டி, பாத்திரத்துத் தண்ணீரில் அடி தொடாமல் தொங்கவிட்டுச் சூடேற்ற வேண்டும். கொதி வருவதற்கு முன்பே வால்வு திறக்க வேண்டும். ஆறியதும் மூட வேண்டும். திறக்கும் வெப்பநிலை பெரும்பாலும் அதன் மீதே பொறிக்கப்பட்டிருக்கும். திறக்காவிட்டால் அதே எண்ணுள்ள புதியதை வாங்கிப் போடலாம். அதில் சிறு துளை இருந்தால் அது மேற்புறம் இருக்கும்படி பொருத்த வேண்டும். காற்று போகும் வழி அதுவே.

காற்றை வெளியேற்றுதல்

கழுவுவதில் காட்டும் அக்கறையை நிரப்புவதில் பலர் காட்டுவதில்லை. வாளியைக் கவிழ்த்தாற்போல் ஊற்றினால், உள்ளிருக்கும் காற்று வெளியேற வழியின்றிச் சிலிண்டர் ஹெட்டின் உச்சியிலும் தெர்மோஸ்டாட்டின் அடியிலும் குமிழாகத் தங்கிவிடும். அந்த இடத்தில் இரும்பைத் தண்ணீர் தொடாது. சூடு பார்க்கும் சென்சார் அந்தக் காற்றில் நின்றால், முள் குறைவாகவே காட்டும், ஹெட்டோ தீய்ந்துகொண்டிருக்கும். புதிதாகத் தண்ணீர் மாற்றிய வண்டி மறுநாளே கொதிப்பதற்கு இந்தக் குமிழே பெரும்பாலும் காரணம்.

முன்சக்கரங்கள் சற்று மேட்டில் இருக்கும்படி டிராக்டரை நிறுத்தினால் ரேடியேட்டரின் வாய் உயரமான இடமாகிவிடும். வடிகாக்கையும் பிளக்கையும் மூடி, குழாய் கிளிப்புகளை இறுக்கி, கூலண்ட் கலவையை மெல்லிய தாரையாக ஊற்ற வேண்டும். காற்றுத் திருகு உள்ள எஞ்சினாக இருந்தால் அதைத் தளர்த்தி, குமிழின்றித் தண்ணீர் வரும்போது இறுக்கிவிட வேண்டும். பிறகு மூடி போடாமல் எஞ்சினை மெதுவான ஓட்டத்தில் விட வேண்டும். சிறிது நேரத்தில் மேல் ரப்பர் குழாய் சட்டென்று சூடாகும். தெர்மோஸ்டாட் திறந்ததற்கு அதுவே அடையாளம். அப்போது மட்டம் இறங்கும், குமிழ்கள் வரும். மேல் குழாயைச் சில முறை அமுக்கிவிட்டால் மிச்சக் காற்றும் வரும். அருகில் காற்றாடி சுழல்கிறது. தோளில் துண்டோ, தொங்கும் வேட்டி நுனியோ இருக்கலாகாது. குமிழ் நின்றதும் மட்டத்தை நிரப்பி மூடிவிடலாம். ஒரு நாள் வேலை முடிந்து, எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு மீண்டும் மட்டம் பார்ப்பது அவசியம்.

எவ்வளவு நேரமானாலும் குமிழ் நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் அது தங்கிய காற்றல்ல. ஹெட் கேஸ்கட் விட்டுப்போய்ப் புகை தண்ணீரில் கலப்பதாக இருக்கலாம். ஆயில் குச்சியில் பால் போன்ற வெண்மை தெரிந்தாலும் வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கை அழைக்க வேண்டும்.

பண்ணை வீட்டில் கார் இருந்தால் அதற்கும் முறை ஏறத்தாழ இதுவே. ஹீட்டர் உள்ள காரில் அதை முழுச் சூட்டில் வைத்து நிரப்ப வேண்டும். இல்லையேல் அதன் குழாயில் காற்று தங்கும். காரின் மின்சாரக் காற்றாடி எஞ்சின் நின்ற பிறகும் தானே சுழலக் கூடும் என்பதால் பேட்டரி இணைப்பைக் கழற்றாமல் அதனருகே கை வைக்கக் கூடாது.

கூலண்ட் வீண் செலவா?

உறைபனி விழும் நீலகிரிக்குத்தான் கூலண்ட், சமவெளிக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. துருவைத் தடுக்கும் மருந்து அதில் கலந்திருப்பதே நமக்கு முக்கியம். சரிபாதி கலந்த நீர் அழுத்தமின்றியே ஏறத்தாழ 107 டிகிரி வரை கொதிக்காது. பாதிக்கு மேல் சேர்த்தால் நல்லதென்று எண்ண வேண்டாம். வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீருக்கு அது ஈடாகாது. வெவ்வேறு வகைக் கூலண்டுகளை ஒன்றாகக் கலப்பதும் சரியல்ல. மாற்றும் காலத்தைக் கையேட்டின்படி வைத்துக்கொள்ளலாம். தேதியைச் சுண்ணாம்பிலோ பெயிண்டிலோ ரேடியேட்டர் பக்கத்தில் எழுதி வைப்பது உதவும்.

வடித்த பழைய கூலண்டைத் தொழுவத்துப் பக்கமோ வாய்க்காலிலோ ஊற்றிவிடக் கூடாது. அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுடைய நஞ்சு. ஆடும் நாயும் கன்றும் ஆசையோடு நக்கிவிடும். சிறிதளவே சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரைப் போக்கும். பேசினில் பிடித்ததை உடனே மூடியுள்ள கேனில் ஊற்றி, எட்டாத உயரத்தில் வைத்து, பழைய ஆயிலும் கூலண்டும் வாங்கிக்கொள்ளும் ஒர்க்‌ஷாப்பில் சேர்த்துவிட வேண்டும்.