பனிநாட்டுக் கணிதம் – 6: வாய்விட்டுச் சொல்லும் நிரூபணம்

ரஷ்யாவுக்குக் கணிதம் படிக்கப் புறப்படும் வெளிநாட்டு மாணவனிடம் எதற்குப் பயப்படுகிறாய் என்று கேட்டால் முதலில் குளிர் என்பான், அடுத்து மொழி என்பான். இரண்டுக்கும் அங்கே ஏற்பாடு உண்டு. நகரங்களில் மைய வெந்நீர்க் குழாய்கள் கட்டடங்களைச் சூடாக வைத்திருக்கின்றன. வாசலிலேயே கனத்த கோட்டைக் கழற்றிக் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டால் உள்ளே வெறும் சட்டையோடு உட்காரலாம். மொழிக்கு ‘போத்ஃபாக்’ எனப்படும் ஆயத்தப் பிரிவு இருக்கிறது. அங்கே ஓராண்டு ரஷ்ய மொழியும், படிக்கப்போகும் பாடத்தின் அடிப்படைச் சொற்களும் கற்றுத் தருகிறார்கள். யாரும் முன்கூட்டி எச்சரிக்காத மூன்றாவது ஒன்றும் உண்டு. தெரிந்த கணிதத்தை இன்னொருவர் முகத்துக்கு எதிரே உட்கார்ந்து வாயால் சொல்லிக் காட்ட வேண்டும். அங்கே கணித மாணவன் யாரோடு பழகுகிறான், எப்போது தூங்குகிறான், எப்படிப் படிக்கிறான் என்பதையெல்லாம் தீர்மானிப்பது இந்த வாய்மொழிப் பழக்கம்தான். இது பெரிய கெடுதல்களுக்கும் இடம் கொடுத்த பழக்கம். அவற்றையெல்லாம் கணக்கில் எடுத்த பிறகும் இது காப்பாற்றத் தக்கது என்பது இந்த வார வாதம்.

மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்வோம். 1755இல் தொடங்கிய பல்கலைக்கழகம் அது. 1953இல் கட்டி முடித்த 240 மீட்டர் உயரக் கோபுரக் கட்டடத்தில், 12ஆம் மாடியிலிருந்து 16ஆம் மாடி வரை ‘மெக்மத்’ எனும் இயந்திரவியல்-கணிதப் புலம் இருக்கிறது. (லிஃப்டுக்கு வரிசையில் நிற்பதும் பாடத்திட்டத்தில் சேர்த்திதான்.) நாள் முழுவதும் ‘பாரா’க்களாகப் பிரிந்திருக்கும், ஒரு பாரா 90 நிமிடம். சில பாராக்களில் பேராசிரியர் பெரிய அரங்கில் தேற்றங்களை நிரூபித்துக்கொண்டே போவார். மற்றவற்றில் இருபது இருபத்தைந்து பேர் கொண்ட குழு, டெமிடோவிச்சின் நாலாயிரத்துச் சொச்சம் கணக்குகள் அடங்கிய தொகுப்பை வைத்துக்கொண்டு எல்லைகளையும் தொகையீடுகளையும் போட்டுப் பழகும். மீர் பதிப்பகப் புத்தகங்களை மலிவு விலையில் வாங்கிப் படித்த நம் ஊர்ப் பழைய தலைமுறைக்கும் டெமிடோவிச் தெரிந்த பெயரே. டிசம்பர் கடைசியில், தேறினான் அல்லது தேறவில்லை என்று மட்டும் சொல்லும் ‘ஸச்சோத்’ சோதனைகள் வரும். அவற்றை முடித்தவனுக்குத்தான் ஜனவரித் தேர்வுகளுக்கு அனுமதி. அந்தத் தேர்வில் மேசைமேல் சீட்டுகள் கவிழ்ந்து கிடக்கும். ஒன்றை உருவினால் பெரும்பாலும் இரண்டு கேள்விகள். இன்ன தேற்றத்தைச் சொல்லி நிரூபி என்ற மாதிரி. வெற்றுத் தாளில் குறிப்பெழுதக் கொஞ்ச நேரம் கொடுப்பார்கள். பிறகு தேர்வாளர் பக்கத்தில் போய் உட்கார வேண்டும். அவர் தாளைத் திருத்துவதில்லை, பேசச் சொல்லிக் கேட்கிறார், நடுவில் மறிக்கிறார். இந்த நிபந்தனையை எடுத்துவிட்டால் நிரூபணம் எந்த வரியில் உடையும் என்பார். உடைவதற்கு ஒரு எடுத்துக்காட்டு கொடு என்பார். 5, 4, 3 என்றால் தேர்ச்சி. 2 என்றால் தோல்வி. அந்த 2ஐ மட்டும் மாணவனின் ‘ஸச்சோத்கா’ பதிவேட்டில் எழுதாமல் அலுவலகப் பட்டியலில் எழுதுவது மரபு.

இப்படியொரு தேர்வு பருவத்தின் முடிவில் காத்திருந்தால் அதற்கு முந்தைய வாரங்கள் எப்படி மாறும் என்று யோசித்துப் பார்க்கலாம். எழுத்துத் தேர்வுக்குக் கதவைச் சாத்திக்கொண்டு தனியே படித்துவிட முடியும். வாயால் சொல்ல வேண்டிய தேர்வுக்குக் கேட்கிற காது ஒன்று வேண்டும். அதனால் விடுதியின் பொதுச் சமையலறையில் ஒருபக்கம் உருளைக்கிழங்கு வறுபட, மறுபக்கம் ஒருவன் மற்றவனுக்கு ஹெய்னே-போரல் தேற்றத்தை ஒப்பிப்பது அங்கே இயல்பான காட்சி. கேட்பவன் வேண்டுமென்றே மடக்க வேண்டும். மடக்காத நண்பனால் பிரயோஜனமில்லை. ஆகவே வெளிநாட்டு மாணவனும் தன் நாட்டுக்காரர்களின் சிறு வட்டத்துக்குள்ளேயே இருந்துவிட முடியாது. அந்தப் பாடத்தை எடுத்திருக்கும் ஆளைத் தேடிப் போயாக வேண்டும், அந்த ஆள் பெரும்பாலும் ரஷ்யன். ஆயத்தப் பிரிவின் ஓராண்டு அவனுக்கு விரிவுரையைப் புரிந்துகொள்ளக் கற்றுத் தருகிறது. பேசக் கற்றுத் தருவது ஜனவரிதான். இவ்வளவு உழைத்த பிறகும், தேர்வுக்கு முந்தின இரவு ஜன்னலைத் திறந்து பதிவேட்டை வெளியே நீட்டி ‘ஓசி மார்க்கே வா’ என்று கூவுவதும், ஷூவுக்குள் ஐந்து கோபெக் காசை வைத்துக்கொண்டு போவதும் ரஷ்ய மாணவர் மரபு. நிகழ்தகவுக்கு 1933இல் அடிப்படை விதிகள் வகுத்த கோல்மகொரோவின் நாடு அது என்பதை நினைத்துக்கொள்ளலாம்.

தேர்வோடு இது நின்றிருந்தால் இத்தனை தூரம் எழுத வேண்டியதில்லை. பள்ளிக் கணித வட்டங்களிலேயே இந்தப் பழக்கம் தொடங்கிவிடுகிறது. நிக்கொலாய் கான்ஸ்தந்தீனவ் வளர்த்தெடுத்த முறையில் ஆசிரியர் பாடம் நடத்துவது மிகக் குறைவு. வரையறைகளும் கணக்குகளும் அச்சிட்ட ஒரு தாளை, ‘லிஸ்தோக்’ என்பார்கள், மாணவனிடம் கொடுத்துவிடுகிறார்கள். அவன் தானே போட்டு, வகுப்பில் இருக்கும் பல ஆசிரியர்களில் ஒருவரிடம் வாயால் விளக்க வேண்டும். சரியென்றால் அட்டவணையில் ஒரு கூட்டல் குறி. ஓட்டை இருந்தால் திரும்பிப் போய் யோசித்துவிட்டு வரலாம், எத்தனை முறை வேண்டுமானாலும். 1991இல் தொடங்கிய மாஸ்கோ சுயேச்சைப் பல்கலைக்கழகமும், 2008இல் உருவான உயர் பொருளாதாரப் பள்ளியின் கணிதப் புலமும் இதைக் கல்லூரிக்குள் கொண்டுவந்தன. மேல்மட்டத்தில் இதற்கு இணை, 1943இலிருந்து பல பத்தாண்டுகள் திங்கள்கிழமை மாலைகளில் நடந்த, கணிதர் கெல்ஃபாந்தின் கருத்தரங்கம். அங்கே பேச்சாளரை நடுவில் நிறுத்திவிட்டு, இதுவரை சொன்னதைத் திருப்பிச் சொல் என்று அரங்கில் இருக்கும் ஒரு மாணவனை அவர் எழுப்புவார். அவனுக்குப் புரியவில்லை என்றால் குறை பேச்சாளருடையது. பலருக்கு அது அவமானமாகவும் இருந்திருக்கும். மென்மைக்குப் பேர்போன இடமில்லை அது.

இனி ஆட்சேபங்களுக்கு வருவோம். மிகப் பெரியதை முதலில் எடுக்காவிட்டால் நேர்மையில்லை. 1970களிலும் 80களிலும் இதே மெக்மத்தின் நுழைவுத் தேர்வில் யூத மாணவர்களை வடிகட்ட இதே வாய்மொழித் தேர்வுதான் பயன்பட்டது. அவர்களுக்கென்று தனிக் கணக்குகள் வைத்திருந்தார்கள். விடையைச் சொன்னால் இரண்டு வரி, கண்டுபிடிக்கவோ நாள் போதாது. ‘சவப்பெட்டிகள்’ என்றே அவற்றுக்குப் பெயர். விடை எளிமையாக இருந்ததால் யாரும் முறையிடவும் முடியவில்லை. 1984இல் அங்கே நுழைய முயன்று இடம் மறுக்கப்பட்ட கணிதர் எட்வர்ட் ஃப்ரெங்கெல் பின்னாளில் அதை எழுதியிருக்கிறார். வட்டத்தின் வரையறையைக் கேட்டார்கள். ஒரு புள்ளியிலிருந்து சம தூரத்திலுள்ள புள்ளிகளின் கணம் என்றான் பையன். தவறு, ‘எல்லாப் புள்ளிகளின்’ கணம் என்று சொல்லியிருக்க வேண்டும் என்றார் தேர்வாளர். எழுத்துத் தாளில் இப்படி ஒரு அநியாயம் செய்தால் தடயம் மிஞ்சும். பேச்சு காற்றோடு போய்விடுகிறது.

இதைக் காட்டி வாய்மொழித் தேர்வையே ஒழிக்க வேண்டும் என்பவர்களை என்னால் எளிதில் மறுக்க முடியாது. ஆனாலும் அந்தக் கொடுமை எந்த இடத்தில் நடந்தது என்று பார்க்க வேண்டும். அது வாசலில் நடந்தது. வாசலில் நிற்கும் தேர்வாளருக்கு மாணவனை உள்ளே விடாமலிருப்பதே வேலையாகிவிடலாம். ஒரே ஒரு வாய்ப்பு, அன்றோடு உறவு முடிந்தது. லிஸ்தோக்கைக் கேட்கும் ஆசிரியருக்கு மாணவனிடமிருந்து பறிப்பதற்கு ஒன்றுமில்லை, அவன் நாளைக்கும் வருவான். அதே காலத்து மாஸ்கோவிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. 1978இல் பெல்லா சுபோத்தோவ்ஸ்கயா, மெக்மத் துரத்திய பிள்ளைகளைக் கூட்டித் தன் சிறிய வீட்டில் உயர் கணித வகுப்புகளைத் தொடங்கினார். திமீத்ரி ஃபுக்ஸ் போன்ற நல்ல கணிதர்கள் வந்து பாடம் எடுத்தார்கள். பட்டமில்லை, மதிப்பெண் இல்லை, கரும்பலகையும் பேச்சும்தான். 1982இல் கேஜிபி விசாரணை சூழ்ந்திருந்த வேளையில் அவர் வாகனம் மோதி இறந்தார், அதன் பின் வகுப்புகளும் நெடுநாள் நீடிக்கவில்லை. ஒரே நகரம், ஒரே கணிதம். வாசலில் பேச்சு கத்தியாக இருந்தது, வாசலுக்கு வெளியே ஒரு வீட்டில் அதே பேச்சு அடைக்கலமாக இருந்தது. ஆகவே சேர்க்கையை எழுத்தில் நடத்து, கற்பித்தலைப் பேச்சில் நடத்து என்பேன்.

அடுத்த ஆட்சேபம் உள்ளேயிருந்தே வந்தது. கணிதர் விளாதிமிர் ஆர்னல்த் 1991இல் ‘கணித திரிவியம்’ என்ற கட்டுரையில், மெக்மத்திலிருந்து வெளிவருகிறவர்கள் உட்பட மாணவர்களின் தரம் சரிகிறது என்று கடுமையாக எழுதினார். தேற்றங்களின் பட்டியலை வைத்து மாணவனை அளக்காதீர்கள், அவன் போட வேண்டிய கணக்குகளின் பட்டியலை வையுங்கள், தேர்வுகள் எல்லாம் எழுத்துத் தேர்வாக இருக்கட்டும் என்று சொல்லி 100 கணக்குகளையும் கொடுத்தார். அவர் சொன்னதில் பாதி உண்மை என்பதைச் சீட்டு முறையைப் பார்த்தாலே ஒப்புக்கொள்ள வேண்டும். கேள்விப் பட்டியல் முன்கூட்டியே கிடைத்துவிடுகிறது. நெட்டுரு போட்டு ஒப்பிக்கலாம். நம் ஊர் ‘பிட்’டுக்கு அங்கே ‘ஷ்பர்கால்கா’ என்று பெயரும் நீண்ட பாரம்பரியமும் உண்டு. ஆனால் நெட்டுரு போட்டவன் சிக்குவதும் அதே தேர்வில்தான், சீட்டில் இல்லாத கூடுதல் கேள்வியில். அந்தக் கேள்வியைக் கேட்கச் சோம்பும் தேர்வாளரே ஆர்னல்தின் வாதத்துக்கு இடம் கொடுத்தவர். பருவம் முழுக்க டெமிடோவிச்சும் எழுத்துச் சோதனைகளும் இருக்கவே இருக்கின்றன. ஆர்னல்தும் தன் கருத்தரங்கை ஒவ்வொரு பருவமும் புதிய கணக்குகளைச் சொல்லித் தொடங்கி, பேசிப் பேசித்தான் ஆட்களை உருவாக்கினார்.

மொழி தெரியாதவன் கதி என்ன என்பது வெளிநாட்டு மாணவனுக்கு மிக நெருக்கமான கேள்வி. நாக்குத் திக்கினால் அறிவும் திக்குவதாகத் தேர்வாளர் நினைத்துவிட மாட்டாரா? நினைக்கக்கூடும். சரளமாகப் பேசுபவனுக்கு ஒரு சாய்வு எப்போதும் இருக்கும். ஆனால் நிரூபணம் சொல்லத் தேவையான சொற்களும் வாக்கிய அமைப்புகளும் சிலவே. மீதியைத் தாளில் உள்ள குறியீடு பார்த்துக்கொள்கிறது. தவிர, அரைகுறையான ஒரு வாக்கியம் விடைத்தாளில் இருந்தால் திருத்துபவர் சுழித்துவிட்டுப் போவார். எதிரில் இருப்பவர், நீ சொல்ல வந்தது இதுவா என்று கேட்க முடியும். மாஸ்கோ சுயேச்சைப் பல்கலைக்கழகம் வெளிநாட்டு மாணவர்களுக்கு 2001இலிருந்து ஆங்கிலத்திலேயே ஒரு பருவப் படிப்பை நடத்தியிருக்கிறது.

எஞ்சுவது அதிகாரம் பற்றிய கவலை. அதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ரஷ்ய மாணவன் நீக்கப்பட்டால் ஊருக்குப் போய் மறுவருடம் முயலலாம். வெளிநாட்டு மாணவனுக்குப் படிப்புப் போனால் விசாவின் அடிப்படையும் போகிறது, ஒருவருடைய ஒரு காலை நேர எரிச்சலால் கூட. 2012ஆம் ஆண்டின் கல்விச் சட்டப்படி தோற்றவன் அதே பாடத்தை இரண்டு முறை திரும்ப எழுதலாம், அதாவது திரும்பச் சொல்லலாம். இரண்டாவது முறை ஒரு குழுவின் முன்னால்தான். பாதுகாப்பு சரியானதே, ஆனால் மிகத் தாமதமாக வருகிறது. முதல் தேர்விலேயே தேர்வாளர் பக்கத்தில் இன்னொரு ஆசிரியர் உட்கார்ந்து கேட்டால், வட்டத்தின் வரையறை போன்ற விளையாட்டுகளுக்கு இடமிருக்காது. ஆள் கூடுதலாக வேண்டும், நேரம் கூடுதலாக ஆகும். பள்ளிப் பிள்ளைகளின் கூட்டல் குறிக்கு ஒரு வகுப்பில் பல ஆசிரியர்களை உட்கார வைக்க முடிந்த நாட்டில், பல்கலைக்கழகத்தில் ஒரு நாற்காலி கூடப் போட முடியாது என்று சொல்வதை ஏற்க முடியவில்லை.

(தொடரும்)