சாயம் போனால்தான் ஒரிஜினல்!

உங்க ஹாஸ்டல் ரூம் கொடியில இப்போ என்னென்ன தொங்குதுன்னு கொஞ்சம் திரும்பிப் பாருங்க. கட்டம் போட்ட சட்டை, கட்டம் போட்ட குர்தா, கட்டம் போட்ட துப்பட்டா... ஏதாவது ஒண்ணு கண்டிப்பா இருக்கும். இருந்தா, முதல்ல அதை வெள்ளைத் துணிகள்கிட்ட இருந்து ரெண்டடி தள்ளிப் போடுங்க. சொல்றது அனுபவஸ்தர்!

எங்க காலேஜ்ல ‘ரெட்ரோ டே’ அறிவிச்சிருந்தாங்க. ஐம்பது, அறுபதுகளின் ஃபேஷன்தான் தீம். எல்லாரும் சொல்லி வெச்ச மாதிரி போல்கா டாட்ஸ், ரிப்பன், கூலிங் கிளாஸ்னு கிளம்ப, நான் மட்டும் வித்தியாசமா யோசிச்சு (வினையே அங்கதான்) ஒரு ஜவுளிக் கடையில் கைத்தறி லுங்கி வாங்கினேன். சிவப்பு, நீலம், மஞ்சள்னு பெரிய பெரிய கட்டம். அதை வெட்டி அந்தக் காலத்து ஷர்ட் மாதிரி தைக்கிறதா பிளான். வெட்டறதுக்கு முன்னாடி துணியை நனைச்சுக் காயப் போடணும்னு யாரோ சொன்ன ஞாபகம். பக்கெட் நிறைய வெந்நீர், கை நிறைய சோப்புத் தூள், லுங்கி. ‘ஒரே வேலையா முடியட்டுமே’ என்று ரூம்மேட்டின் வெள்ளை சுடிதாரையும் அதே பக்கெட்டில் போட்டேன்.

அரை மணி நேரம் கழிச்சு எடுத்தால், சுடிதார் சூரிய அஸ்தமன கலரில் இருந்தது.

ரூம்மேட் வந்தாள். திட்டுவாள்னு காதைப் பொத்திக்கிட்டேன். அவளோ சுடிதாரை விட்டுட்டு லுங்கியை எடுத்து வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தாள். “இது பாளையகாட். உப்புத் தண்ணியிலதான் முதல்ல ஊறப் போடணும். எங்க ஆயா சொல்லும்.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“அது எங்க ஊர் பேருதானே...” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ரெண்டரை வருஷமா அவள் எங்ககிட்ட சொன்ன ஊர் ‘பொன்னேரி பக்கம்’. அது எந்தப் பக்கம்னு யாரும் கேட்டதில்லை. அன்னைக்குத்தான் தெரிஞ்சது, அவள் வீடு பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கும் ஒரு மீனவக் குப்பத்தில்!

அவள் கதைக்கு அப்புறம் வர்றேன். முதல்ல என் பக்கெட்டுக்கு ஒரு சர்வதேச ஆறுதல். 1958-ல் வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்கத் துணி வியாபாரி பம்பாய் வந்தார். கைத்தறி ஏற்றுமதி செய்துகொண்டிருந்த கேப்டன் சி.பி.கிருஷ்ணன் நாயரிடம் மெட்ராஸ் கட்டம் போட்ட துணியை ஆயிரக்கணக்கான கெஜம் வாங்கினார். (இந்த நாயர்தான் பின்னாளில் லீலா ஹோட்டல்களை ஆரம்பித்தவர்.) ‘இது சாயம் போகும், பச்சைத் தண்ணியில பக்குவமா அலசணும்’ என்று நாயர் எச்சரித்தாராம். துணி நியூயார்க்கின் பிரபல ‘புரூக்ஸ் பிரதர்ஸ்’ கடைக்குப் போனது. எச்சரிக்கை மட்டும் கூடவே போகவில்லை! வாங்கியவர்கள் வாஷிங் மெஷினில் போட, வீட்டில் இருந்த மொத்தத் துணியும் வானவில். வழக்கு, நஷ்டஈடு என்று விவகாரம் முற்றியபோதுதான் அந்த மாஸ்டர் ஐடியா பிறந்தது என்கிறார்கள். ‘சாயம் போவது குறை அல்ல, அதுதான் ஸ்பெஷல். ஒவ்வொரு சலவைக்கும் புதுத் துணி மாதிரி மாறும்’ என்று விளம்பரம்! ‘செவன்டீன்’ என்ற டீன் ஏஜ் பெண்கள் பத்திரிகை பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியது. ‘பிளீடிங் மெட்ராஸ்’ என்ற பெயரில் அமெரிக்க காலேஜ் பெண்கள் ஷர்ட் டிரெஸ்ஸும் பெர்முடா ஷார்ட்ஸுமாகத் தைத்துப் போட்டுக்கொண்டார்கள். சாயம் போகாவிட்டால் டூப்ளிகேட் என்று சந்தேகப்படும் அளவுக்குப் போனது நிலைமை.

எனக்கு அந்த விளம்பர மூளை இல்லாததால், புது சுடிதார் வாங்கித் தந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரூம்மேட்டோடு கிளம்பியாச்சு. சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி லோக்கல், பொன்னேரியில் இறங்கி பஸ். சென்னையில் இருந்து வடக்கே சுமார் 60 கிலோமீட்டர்தான். ஆந்திரா வரைக்கும் நீளும் பழவேற்காடு, ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவிலேயே பெரிய உவர்நீர் ஏரி. சீசனில் பூநாரைகள் வரும்; அதைப் பார்க்க கேமராவோடு கூட்டமும் வரும். துணியைத் தேடிப் போனது அனேகமா நான் ஒருத்திதான். ஆனா பாருங்க, போன இடத்தில் ஒரு தறிச் சத்தம்கூட என் காதில் விழவில்லை. வலை, படகு, ஐஸ் பெட்டி, இறால்.

அப்புறம் எப்படி துணிக்கு இந்த ஊர் பேர்? அதுக்கு டச்சுக்காரர்கள் காலத்துக்குப் போகணும். 1613-ல் இங்கே ஜெல்ட்ரியா என்ற கோட்டையைக் கட்டினார்கள். 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்குத் தலைமையிடம் பழவேற்காடுதான். கோட்டை இப்போது புதரும் மேடுமாகக் கிடக்கிறது. பக்கத்துக் கல்லறையின் வாசலில் மட்டும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் காவல் நிற்கின்றன. கோட்டைக்குப்பம் என்ற பெயர் இன்னும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. சுற்று வட்டாரக் கிராமங்களில் நெய்த கட்டத் துணிகள் இங்கே சேர்ந்து, கப்பல் ஏறி, இந்தோனேஷியத் தீவுகளில் கிராம்பாகவும் ஜாதிக்காயாகவும் மாறின. மலாய்க்காரர்கள் கட்டும் கட்டம் போட்ட கைலிக்கு இன்றைக்கும் ‘கைன் பெலிகாட்’ என்றுதான் பெயர். பெலிகாட் என்றால் நம்ம பழவேற்காடு! ஆனா எல்லாமே பெருமைப்படும் வரலாறு இல்லை. இந்தத் துறைமுகத்தில் அடிமைகளாக மனிதர்களும் கப்பல் ஏற்றப்பட்டார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் அடிமைகளை வாங்கவும் சோழமண்டலத் துணிகள் விலையாகக் கொடுக்கப்பட்டன.

அந்த ஆப்பிரிக்காவில் இருந்துதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச செய்தி. நைஜீரியாவின் நைஜர் கழிமுகத்தில், அலையாத்திக் காடுகளுக்கு நடுவே தீவுகளில் வாழ்பவர்கள் கலபாரி மக்கள். பழைய தொழில், மீன்பிடித்தலும் படகு வணிகமும். நம்ம மெட்ராஸ் கட்டத் துணியை அவர்கள் ‘இஞ்சிரி’ என்கிறார்கள். அதை அப்படியே கட்டிக்கொள்வதில்லை. அந்தப் பெண்கள் கையில் பிளேடோடு உட்கார்ந்து, கட்டங்களுக்குள்ளே சில நூல்களை மட்டும் தூக்கி, அறுத்து, உருவிவிடுகிறார்கள். மிச்சம் இருப்பது ஜன்னல் ஜன்னலாக ஒரு புது டிசைன். பெயர் ‘பெலெத்தே பித்தே’ - நூல் அறுத்த துணி. பூ வேலை என்றால் நூலைச் சேர்ப்பதுதான் என்று நினைத்திருந்தேன். இவர்கள் கழித்தே பூ வேலை செய்கிறார்கள்! அந்த நுணுக்கம் கிட்டத்தட்ட வலை மாதிரியே இருக்கும்.

கடல் தாண்டி கரீபியனில் மார்ட்டினிக் தீவுக்குப் போனால் இதே கட்டம் பெண்களின் தலைக்கட்டு. அங்கே அதன் பெயரே ‘மெட்ராஸ்’. கட்டில் எத்தனை முனை நிற்கிறது என்பதில் சேதி இருக்குமாம். ஒரு முனை என்றால் மனசு காலி, ரெண்டு என்றால் நிச்சயமாகிவிட்டது, மூணு என்றால் கல்யாணம் முடிந்தது. (நாலு முனைக்கும் ஒரு அர்த்தம் உண்டு. எடிட்டர் வேண்டாம் என்கிறார்!)

இதையெல்லாம் நான் மூச்சு விடாமல் சொல்லி முடித்தபோது, ரூம்மேட்டின் ஆயா வாசலில் கால் நீட்டி உட்கார்ந்து கிழிந்த வலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அத்தினி ஊருக்குப் போச்சா? போவட்டும். வந்து சோறு துன்னு கண்ணு.” அவ்வளவுதான் ரியாக்‌ஷன்.

சோற்றுக்குப் பிறகு தகரப் பெட்டி திறந்தது. அடியில் இருந்து வந்தது ஒரு ரவிக்கை. கல்யாணமான புதுசில், அறுபதுகளின் கடைசியில், தாத்தாவின் பாளையகாட் லுங்கியில் நைந்த பகுதியைக் கழித்துவிட்டு மிச்சத்தில் தைத்ததாம். மிஷின் தையல் ஒன்றுகூட இல்லை. எல்லாம் கைத்தையல். டூரிங் டாக்கீஸில் பார்த்த கதாநாயகி மாதிரி பப் கை வேற!

தையல் தெரிஞ்சவங்க இந்த இடத்தை நிதானமா படிங்க. கட்டத் துணியில் ரவிக்கை தைத்தால் ரெண்டு பக்கமும் கோடு கோட்டோடு சேரணும். இல்லாட்டி ஆளே கோணலா நிற்கிற மாதிரி தெரியும். ஆயா டேப் வைத்து அளக்கவில்லை. கட்டத்தை எண்ணியிருக்கிறார். முதுகுக்கு இத்தனை, கைக்கு இத்தனை என்று. “வலையில ஒரு கண்ணு தப்பா வுட்டா அப்பன் அடிக்கும். இதுவும் கண்ணுதான?” சின்ன வயசில் அப்பா வலை பின்ன, இவர் வலை ஊசியில் நூல் ஏற்றித் தரும் வேலை செய்தவர். அப்போதெல்லாம் பருத்தி நூல் வலை. மக்கிப் போகாமல் இருக்க, மரப்பட்டை வேகவைத்த தண்ணீரில் முக்கி எடுக்கணுமாம். பட்டையில் இருக்கும் துவர்ப்புதான் நூலைக் காப்பாற்றும். சாயக்காரர்கள் துணிக்குக் கடுக்காய் போடுவதும் அதே துவர்ப்புக்காக. இந்தக் கரையோர மணலில் கிடைத்த சாயவேரின் சிவப்பு துணியை விட்டு ஓடாமல் இருந்ததற்குக் கடுக்காயும் படிகாரமும்தான் காரணம். சாயத்துக்கும் நூலுக்கும் நடுவில் அவை பாலம் மாதிரி. பாலம் இல்லாத சாயம் பக்கெட்டுக்கு வந்துவிடும். உப்பு என்ன செய்யும்? நிரந்தரமாப் பிடிக்க வைக்காது. ஆனா உப்புத் தண்ணீரில் பல சாயங்கள் சுலபமாகக் கரைவதில்லை, அதனால் ஓட்டம் குறையும்.

பப் கை எப்படி வைத்தீங்கன்னு கேட்டேன். பதில் சொல்லாமல் வலையின் மேல் கயிற்றைக் காட்டினார். கயிற்றை விட வலை நீளம். சுருக்கிச் சுருக்கித்தான் கயிற்றில் இறக்கணும். இறுக்கிக் கட்டினால் கண் விரியாது, மீன் மாட்டாது. (நம்ம பாஷையில் ஹேங்கிங் ரேஷியோ: 100 மீட்டர் வலையை 50, 60 மீட்டர் கயிற்றில் கட்டுவது சாதாரணம்.) கையின் மேல் வளைவிலும் அதே கதைதான். தோள் வெட்டைவிட அகலமாகத் துணியை வெட்டி, விளிம்பில் ரெண்டு வரிசை ஓட்டுத் தையல் போட்டு, நூலை இழுத்துச் சுருக்கி, சுருக்கத்தைச் சமமாகப் பரப்பி, தோளில் இறக்குவது. ஒரே வரிசை போட்டால் சுருக்கம் ஒரு பக்கமாக ஓடிவிடும். நான் ஓட்டிப் பார்த்துட்டேன்!

ரெட்ரோ டேக்கு இதைவிட என்ன வேணும்? ‘நீ போடு’ன்னு ரூம்மேட்டிடம் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது. “லுங்கியில தச்சதுன்னு கிண்டல் பண்ணுவாங்க. அப்புறம் எந்த ஊர்னு கேப்பாங்க” என்றாள். நான் வாயை மூடிக்கொண்டேன். ‘மீன் வாசனை’ ஜோக் எங்க கிளாஸில் எத்தனை முறை ஓடியிருக்கிறது, அதற்கு நானும் எத்தனை முறை சிரித்திருக்கிறேன் என்று எனக்குத் தெரியும்.

போட்டுப் பார்க்க மட்டும் சம்மதித்தாள். ரெண்டு விரல் அளவு பற்றவில்லை. ‘அவ்ளோதான்’ என்று கழற்றப் போனவளை ஆயா நிறுத்தினார். உள்பக்கம் திருப்பிக் காட்டினார். ரெண்டு பக்கத் தையலிலும் தாராளமாகத் துணி மடித்து விட்டிருக்கிறார். அந்தக் காலத்தில் ஒரு ரவிக்கை பத்து வருஷத்துக்கு, ரெண்டு பிள்ளைப்பேறுக்கு உழைக்கணும். பிரித்துவிடத் தோதாகத்தான் தைப்பார்களாம். (கால் இஞ்ச்கூட விடாத இன்றைய ரெடிமேட் ஆசாமிகள் கவனிக்க!) பிளேடை எடுத்துத் தையலைப் பிரித்தார்.

மடிப்புக்குள்ளே வெயிலும் சோப்பும் படாத பாளையகாட், ரத்தச் சிவப்பும் கருநீலமுமாக அப்படியே இருந்தது. வெளிப்பக்கம் ஐம்பது வருஷத்துக்கும் மேலாக வெளுத்து, கலந்து, மாம்பழமும் சாம்பலுமான ஒரு நிறம். ரவிக்கை விரிந்தபோது ரெண்டு விலாவிலும் ஒவ்வொரு அடர்த்தியான பட்டை. ‘செவன்டீன்’ பத்திரிகைக்காரர்கள் பார்த்திருந்தால் இன்னும் எட்டுப் பக்கம் எழுதியிருப்பார்கள்.

ரூம்மேட் ரொம்ப நேரம் அந்தப் பட்டையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

நீங்களும் முயற்சி பண்ணப் போறீங்களா? துணி வாங்கினதும் ஒரு மூலையில் ஈரமான வெள்ளைத் துணியை வைத்து அழுத்துங்க. கறை பட்டால் தனி பக்கெட், பச்சைத் தண்ணி, நிழல். கட்டத்துக்குக் கட்டம் குண்டூசி குத்திவிட்டுத் தையுங்க. மறக்காமல் உள்ளே ரெண்டு விரல் துணி விடுங்க.

ரெட்ரோ டே அன்று பழைய வெள்ளைப் புடவை, அந்த ரவிக்கை. அவ்வளவுதான் அவள் அலங்காரம். பரிசெல்லாம் போல்கா டாட்டுக்குத்தான் போச்சு. ஆனா சாப்பாட்டு நேரத்தில் சீனியர் ஒருத்தி ரவிக்கையைத் தொட்டுப் பார்த்து, “சூப்பர்ப்பா... எந்த பொட்டிக்?” என்று கேட்டாள்.

“பழவேற்காடு. எங்க குப்பம். எங்க ஆயா தச்சது.”

மூணு பேர் அவங்களுக்கும் ஒண்ணு வேணும்னு நிற்கிறாங்க. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அளவு கொடுக்க நேரிலேயே வர்றாங்களாம். ஆயாவுக்கு இன்னும் விஷயம் தெரியாது.