இஃப், லூப், அப்புறம் அந்த 366-ஆவது நாள்

கோடிங் கத்துக்க ஆரம்பிச்ச எல்லாருக்கும் ஒரு கட்டத்துல இந்தக் கேள்வி வரும்: "இஃப் புரியுது, லூப் புரியுது. ரெண்டையும் சேர்த்து எழுதினா மட்டும் புரோகிராம் ஏன் நிக்கவே மாட்டேங்குது?" இன்னைக்கு எபிசோட் அதைப் பத்திதான்.

முதல்ல அடிப்படை. பெரம்பூர்ல 29சி பஸ்ஸுக்காக நிக்கிறீங்க. பஸ் வந்தா நம்பரைப் பார்ப்பீங்க. 29சி-ன்னா ஏறுவீங்க, இல்லன்னா விட்டுடுவீங்க. இந்த முடிவுதான் இஃப்-எல்ஸ். ஏறாத வரைக்கும் அடுத்தடுத்த பஸ்ஸைப் பார்த்துட்டே இருக்கீங்க இல்லையா, அது வைல் லூப். கடைசி பஸ்ஸும் போயிடுச்சுன்னா நீங்க ஆட்டோ பிடிச்சிடுவீங்க. கம்ப்யூட்டர் அப்படி இல்ல. நீங்க சொல்லி வைக்கலைன்னா விடிய விடிய அங்கேயே நிக்கும்.

இது நிஜமாவே நடந்திருக்கு. ஐபாடுக்குப் போட்டியா மைக்ரோசாஃப்ட் 2006-ல 'ஸூன்'னு ஒரு மியூசிக் பிளேயரை இறக்குச்சு. 2008 டிசம்பர் 31 அன்னைக்கு, அதோட 30 ஜிபி மாடல் மட்டும் ஆன் பண்ணதுமே அப்படியே உறைஞ்சு போச்சு. காரணம், உள்ளே கடிகாரத்தைப் பார்த்துக்கிற கோடுல இருந்த ஒரு சின்ன லூப்.

அந்த கோடோட வேலை இதுதான்: 1980 ஜனவரி 1-ல இருந்து எத்தனையாவது நாள்னு ஒரு எண் வரும். அதை வருஷமா மாத்தணும். லாஜிக் இப்படி:

நாள் 365-ஐ விட அதிகமா இருக்கிற வரைக்கும் சுத்து. இது லீப் வருஷமா? ஆமான்னா, நாள் 366-ஐ விட அதிகமான்னு பாரு. அதிகம்னா 366-ஐக் கழி, வருஷத்துல 1 கூட்டு. லீப் வருஷம் இல்லன்னா, 365-ஐக் கழி, வருஷத்துல 1 கூட்டு.

400 போட்டுப் பார்ப்போம். 1980 லீப் வருஷம். 366-ஐக் கழிச்சா மிச்சம் 34, வருஷம் 1981. 34 சின்ன எண், லூப் முடிஞ்சுது. 1981-ஓட 34-ஆவது நாள், அதாவது பிப்ரவரி 3. சரியான பதில்!

இப்போ 2008 டிசம்பர் 31. வருஷமெல்லாம் கழிஞ்சு 2008-க்கு வரும்போது கையில மிச்சம் சரியா 366. 365-ஐ விட அதிகமா? ஆமா, உள்ளே போ. லீப் வருஷமா? ஆமா. 366-ஐ விட அதிகமா? இல்ல. அப்போ என்ன பண்ணணும்? அதுக்கு எல்ஸ் எழுதவே இல்ல. எதுவும் கழியல, எதுவும் மாறல. திரும்ப மேல போ, அதே கேள்வி, அதே பதில். செக்குமாடு மாதிரி சுத்திட்டே இருக்க வேண்டியதுதான்.

மைக்ரோசாஃப்ட் சொன்ன தீர்வு என்ன தெரியுமா? பேட்டரி முழுசா தீரட்டும், ஜனவரி 1 வந்ததும் சார்ஜ் போட்டு ஆன் பண்ணுங்க. மறுநாள் எண் 367 ஆயிடும். 366-ஐக் கழிச்சா 1. லூப் தானா வெளிய வந்துடும். ஸூன் கடைக்கு வந்த பிறகு வந்த முதல் லீப் வருஷமே 2008-தான். அதனால இந்த எண்ணை அது அதுக்கு முன்னாடி சந்திச்சதே இல்ல.

"சிம்பிள், 'அதிகமா'ங்கிறதை 'அதிகமா அல்லது சமமா'ன்னு மாத்திடலாமே"ன்னு தோணும். மாத்திப் பாருங்க: 366-ல 366 போனா 0. லூப் நிக்கும், ஆனா தேதி 2009 ஜனவரி 0! சரியான வழி, 366-ஆவே இருந்தா பிரேக் போட்டு வெளிய வர்றது.

ஆக, லூப்புக்குள்ள இஃப் எழுதினா ஒவ்வொரு பாதையையும் தனித்தனியா பிடிச்சுக் கேளுங்க: "இந்த வழியா போனா ஏதாவது மாறுதா? இல்ல, வெளியவாவது வர்றேனா?" ரெண்டுமே இல்லன்னா மாட்டிக்கிட்டீங்க. முக்கியமா, நீங்க எழுதாம விட்ட எல்ஸும் ஒரு பாதைதான்.

இந்த வார ஹோம்வொர்க்: 365, 366, 367. இந்த மூணு எண்ணையும் பேப்பர்ல அந்த லூப்புக்குள்ள ஓட்டிப் பாருங்க. அப்புறம் நீங்க எழுதின லூப்பை எடுத்து, எல்லையில இருக்கிற எண், அதுக்கு ஒண்ணு முன்னாடி, ஒண்ணு பின்னாடி, இந்த மூணையும் கொடுத்து சோதிச்சுப் பாருங்க. அடுத்த எபிசோட்ல ஃபங்ஷன் பத்திப் பேசுவோம்.